வராத வாக்கு யார் கணக்கில் சேரும்?



தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால், முதலில் நம் கண்ணில் படுவது யார் வென்றார், எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்பதுதான். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னோர் எண்ணும் இருக்கும். வாக்களித்தோர் இத்தனை விழுக்காடு என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலோர் அதைப் படிக்காமலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அந்தச் சிறிய எண்ணைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மேலே பெரிய எழுத்தில் இருக்கும் வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் பல வேளைகளில் அதற்குள்ளேதான் இருக்கிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்டு நாம் இங்கே பேசவில்லை. கட்சிகளின் பெயர்கள் வரும். கணக்கு விளங்க வேண்டும் என்பதற்காக மட்டுமே வரும்.

முதலில் ஒரு சின்னத் தொகுதியைக் கற்பனை செய்துகொள்வோம். வாக்காளர் பட்டியலில் ஆயிரம் பேர். அவர்களில் 550 பேருக்கு டுரியான் கட்சியைப் பிடிக்கும். 450 பேருக்கு ரம்புத்தான் கட்சியைப் பிடிக்கும். எல்லாரும் வந்து வாக்களித்தால் டுரியான் கட்சி நூறு வாக்கு வித்தியாசத்தில் வெல்லும். இதில் சிக்கல் ஏதும் இல்லை.

அடுத்த தேர்தல் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒருவர்கூடத் தம் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் டுரியான் கட்சிக்காரர்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது. சொன்னதைச் செய்யவில்லை என்ற வருத்தம் சிலருக்கு; நாம் போகாவிட்டாலும் எப்படியும் ஜெயித்துவிடும் என்ற எண்ணம் வேறு சிலருக்கு. நூற்றுக்கு எழுபது பேர்தான் வந்தார்கள். அதாவது 385 வாக்குகள். ரம்புத்தான் கட்சிக்காரர்களோ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வந்தார்கள். அது 405 வாக்குகள். முடிவு என்ன? ரம்புத்தான் கட்சி இருபது வாக்கு வித்தியாசத்தில் வென்றுவிட்டது. புதிதாக ஓர் ஆள்கூட அதில் சேரவில்லை. பார்க்கப் போனால் அதற்கும் 45 வாக்குகள் குறைந்திருக்கின்றன. மொத்தத்தில் 79 விழுக்காட்டினர் வாக்களித்திருக்கிறார்கள். கேட்பதற்கு அது நல்ல எண்தான்.

இரு பக்கமும் ஒரே அளவில் குறைந்திருந்தால், அதாவது இரண்டு கட்சியிலும் நூற்றுக்கு எண்பது பேர் வந்திருந்தால், 440க்கு 360 என்று பழைய கட்சியே வென்றிருக்கும். ஆகவே எத்தனை பேர் வரவில்லை என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. யாருடைய ஆள்கள் வரவில்லை என்று கேட்க வேண்டும்.

இது வெறும் கரும்பலகைக் கணக்கன்று. 2024ஆம் ஆண்டில், இரண்டே மாத இடைவெளியில், நம் நாட்டில் இரண்டு சட்டமன்ற இடைத்தேர்தல்கள் நடந்தன. இரண்டு இடங்களிலும் மோதியவை அதே இரண்டு கூட்டணிகள்: பக்காத்தான் ஹராப்பான், பெரிக்காத்தான் நேஷனல். இரண்டுமே தோட்டங்களும் தமிழர்களும் உள்ள தொகுதிகள். இரண்டிலும் வாக்களித்தோர் தொகை இறங்கியது. முடிவோ ஒரே மாதிரி இல்லை.

மே 11ஆம் நாள் சிலாங்கூரில் கோல குபு பாரு. அங்கே 61 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வாக்களித்தனர். 2023ஆம் ஆண்டு மாநிலத் தேர்தலில் பக்காத்தானுக்கு அங்கே 14,862 வாக்குகள் கிடைத்திருந்தன, இடைத்தேர்தலில் 14,000. பெரிக்காத்தானுக்கு முன்பு 10,743, இப்போது 10,131. ஒரு பக்கம் 862 குறைந்தது, மறுபக்கம் 612 குறைந்தது. வித்தியாசம் 4,119லிருந்து 3,869க்கு வந்தது. அவ்வளவுதான். இருந்த கட்சியே தொகுதியை வைத்துக்கொண்டது.

ஜூலை 6ஆம் நாள் பினாங்கில் சுங்கை பாக்காப். இங்கே வாக்களித்தோர் 63 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கோல குபு பாருவைவிடக் கொஞ்சம் அதிகம் என்றே சொல்ல வேண்டும். 2023இல் பெரிக்காத்தான் 15,433 வாக்குகள் பெற்று, 1,563 வித்தியாசத்தில் வென்றிருந்தது. இடைத்தேர்தலில் அதற்குக் கிடைத்தது 14,489. ஆக வென்ற கட்சிக்கே 944 வாக்குகள் குறைந்தன. ஆனால் அதன் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 4,267! ஏறத்தாழ மூன்று மடங்கு. எப்படி? எதிர்ப்பக்கத்தில் பக்காத்தானின் வாக்கு 13,870லிருந்து 10,222க்கு இறங்கிவிட்டது. 3,648 வாக்குகளைக் காணோம்.

மறுநாள் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் 'மாபெரும் ஆதரவு அலை' என்று பேசினால், நாம் கொஞ்சம் நிதானித்து இந்த எண்களைப் பார்க்க வேண்டும். கட்சி மாறிப் போட்டவர்களும் சிலர் இருக்கத்தான் இருப்பார்கள். வாக்குச்சீட்டில் பெயர் இல்லாததால் அதை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆயினும் வென்றவரின் வாக்கே குறைந்திருக்கும்போது, வித்தியாசம் பெருகியதற்கு முதற்காரணம் வராதவர்கள்தான் என்பது தெளிவு. அந்தத் தொகுதியின் பட்டியலில் 39,000க்கு மேற்பட்டோர் இருந்தனர். வராதவர்கள் பதினான்காயிரத்துக்கும் மேல். வென்றவருக்கு விழுந்த வாக்குக்கு ஏறத்தாழச் சமம்.

இன்னும் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஜொகூருக்குப் போக வேண்டும். 2018 மே மாதத்தில் நடந்த தேர்தலில் அந்த மாநிலத்தின் 56 சட்டமன்ற இடங்களில் பக்காத்தான் 36ஐப் பிடித்தது. பாரிசான் நேஷனலுக்குக் கிடைத்தவை 19. நான்கு ஆண்டுகள் ஆவதற்குள் சட்டமன்றம் கலைக்கப்பட்டு, 2022 மார்ச் 12இல் மறுபடியும் தேர்தல். அன்று ஜொகூரில் வாக்களித்தோர் ஏறத்தாழ 55 விழுக்காடு. பாரிசானுக்கு 40 இடங்கள்! பக்காத்தானுக்கு 12.

ஜொகூர் மக்கள் பெருங்கூட்டமாக மனம் மாறிவிட்டார்களா? பாரிசானுக்கு விழுந்த வாக்குகள் ஆறு இலட்சத்தை ஒட்டியவை. 2018இல் கிடைத்ததைவிட அது பெரிதாக ஏறிவிடவில்லை. பக்காத்தானின் வாக்குகளோ பாதிக்கும் கீழே போய்விட்டன. மற்றொரு கூட்டணியான பெரிக்காத்தானும் களத்தில் நின்று ஏறக்குறைய 24 விழுக்காட்டு வாக்குகளைப் பிரித்தது. மும்முனைப் போட்டி, குறைந்த வருகை ஆகிய இரண்டும் சேர்ந்துகொண்டன. விளைவு, 43 விழுக்காட்டு வாக்கைக் கொண்டே பத்தில் ஏழு இடங்களைப் பிடிக்க முடிந்தது. பட்டியலில் உள்ள எல்லா வாக்காளர்களையும் சேர்த்து எண்ணினால், வென்ற கூட்டணிக்கு வாக்களித்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இதில் சட்டப்படி தவறு ஒன்றும் இல்லை. ஒரு தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவரே உறுப்பினர் என்பதுதான் நம் நாட்டு முறை. வந்தவர்களின் வாக்கைத்தான் எண்ண முடியும்.

ஜொகூரில் வராதவர்கள் எல்லாரும் சோம்பி வீட்டில் இருந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் வேலை செய்யும் எத்தனையோ ஜொகூர்க்காரர்கள் அப்போது அக்கரையில் சிக்கியிருந்தார்கள். தொற்றுநோய்க் கட்டுப்பாடு நீங்கித் தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது ஏப்ரல் 1ஆம் நாள். தேர்தல் முடிந்து மூன்று வாரம் கழித்து! அந்த மாநிலத்தில் எத்தனையோ தோட்டத்து வீடுகளில் அப்பாவோ மகனோ அக்கரைச் சம்பளத்தை நம்பியிருப்பவர்கள். எந்தத் தேதியில் தேர்தல் வைக்கிறார்கள் என்பதும் எந்தக் கட்சியின் ஆள்கள் வர முடியும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

விழுக்காட்டைப் படிக்கும்போது இன்னொரு கவனமும் தேவை. 2018 பொதுத் தேர்தலில் 82 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2022 நவம்பர் 19இல் நடந்த பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 74. எட்டு விழுக்காடு இறங்கிவிட்டது என்று பலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த இரண்டு தேர்தல்களுக்கும் இடையே பட்டியலே மாறிவிட்டது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது ஆனவர்களுக்கு வாக்குரிமை வந்தது. நாமாகப் போய்ப் பதிந்துகொள்ளத் தேவையில்லாமல் பெயர் தானாகவே பட்டியலில் ஏறும் முறையும் வந்தது. ஒன்றரைக் கோடியைத் தொட்டிருந்த பட்டியல் இரண்டு கோடியே பதினோரு இலட்சத்துக்கும் மேல் ஏறிவிட்டது. ஆகவே விழுக்காடு இறங்கினாலும், வந்து வாக்களித்த தலைகளை எண்ணினால் 2022இல் முப்பது இலட்சம் பேருக்கு மேல் கூடுதல். முன்பு பதிந்துகொள்ளாமலே இருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இப்போது அவர்கள் 'வராதவர்கள்' என்ற கணக்கில் வருகிறார்கள். ஜொகூரின் 55 விழுக்காட்டிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு.

கூட்டம் பெருகினால் அரசாங்கம் கவிழும், கூட்டம் குறைந்தால் அரசாங்கம் பிழைக்கும் என்று தேநீர்க் கடைகளில் ஒரு சாத்திரம் பேசுவார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 2013இல் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் வந்தார்கள். அன்றைய எதிர்க்கூட்டணிக்கு நாடு முழுவதிலும் பாதிக்கும் சற்று மேலான வாக்குகள் கிடைத்தன. ஆனால் 222 இடங்களில் 133ஐப் பிடித்து ஆட்சியில் அமர்ந்தது பாரிசான்தான். 2004க்கும் 2008க்கும் இடையே வருகை பெரிதாக வேறுபடவில்லை. ஆனால் முன்னதில் பாரிசானுக்குப் பத்தில் ஒன்பது இடங்கள். பின்னதில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையே போய்விட்டது. வருகை ஒரு காரணம். அது ஒன்றே காரணம் அன்று.

சரி, வருகை குறையும்போது சில கட்சிகளின் ஆள்கள் மட்டும் எப்படித் தவறாமல் வந்துவிடுகிறார்கள்? அதற்குப் பின்னே ஓர் ஏற்பாடு இருக்கிறது. வேரூன்றிய கட்சிகள் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறம் குறிப்பார்கள். வெள்ளை என்றால் நம் ஆள். கறுப்பு என்றால் எதிராளி. எப்பக்கம் என்று தெரியாதவர் சாம்பல். தேர்தல் நாளன்று வெள்ளைப் பெயர்களை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. கிளை, மகளிர் பகுதி, இளைஞர் பகுதி என்று கிராமம் தோறும் ஆள் வைத்திருக்கும் கட்சிக்கு இது எளிது. மேடைப் பேச்சையும் அன்றைய உணர்ச்சியையும் நம்பி நிற்கும் கட்சிக்கு இது கடினம். உணர்ச்சி பொங்கும் ஆண்டில் அதற்கு வெள்ளம்போல் வாக்கு விழும். உணர்ச்சி வடிந்த ஆண்டில் வாக்கும் வடிந்துவிடும். மழை பெய்யட்டும், வெயில் கொளுத்தட்டும், வெள்ளைப் பெயர்க்காரர் வருவார். சாம்பல் பெயர்க்காரர் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். வாக்கு இரகசியமானது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று எந்தக் கட்சிக்கும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டு வராமல் இருப்பவர்கள் அந்தப் பயத்தை விட்டுவிடலாம். ஆனால் உங்கள் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பது இரகசியம் அன்று. தொகுதியைச் சிறு சிறு வாக்களிப்பு வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்களிப்பு மையத்திலும் 'சாலுரான்' என்று சொல்லப்படும் தனித்தனி வரிசைகள் உண்டு. முதல் வரிசையில் வயது முதிர்ந்தவர்கள். கடைசி வரிசையில் இளையவர்கள். எண்ணிக்கையும் வரிசை வரிசையாகவே நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் பார்த்து அனுப்பும் வேலையைப் பெரும்பாலும் ஆசிரியர்களாகிய நாங்கள்தாம் செய்கிறோம். ஆகவே கண்கூடாகத் தெரிந்ததைச் சொல்கிறோம்: முதல் வரிசையில் கைத்தடி ஊன்றிய பாட்டிமார்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள். கடைசி வரிசையில் நண்பகலிலும் நாற்காலிகள் காலியாக இருக்கும்.

தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர்கள் இந்தக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார்கள். இந்த வட்டாரத்தில் எண்பது விழுக்காடு, அந்தத் தோட்டத்தில் நாற்பது விழுக்காடு என்று தெரிந்துவிடும். அடுத்த முறை பணமும் நேரமும் எங்கே செலவிட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. எண்பது விழுக்காடு வரும் இடத்தில் சாலைக்குக் குழி விழுந்தால் வேட்பாளர் ஓடி வருவார். நாற்பது விழுக்காடு வரும் இடத்துக்குக் கடைசி வாரத்தில் ஒருமுறை வந்து கும்பிட்டுவிட்டுப் போவார். இதில் கொடுமை ஒன்றும் இல்லை. கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோலத்தான் கட்சியும் பார்க்கிறது.

கோல குபு பாருவில் இந்திய வாக்காளர்கள் ஏறத்தாழ 18 விழுக்காடு. சுங்கை பாக்காப்பில் 17. நாற்பதாயிரம் பேர் கொண்ட பட்டியலில் இது ஏழாயிரம் பெயர் வரும். வெற்றி வித்தியாசமோ நாலாயிரத்தைச் சுற்றி. கோல குபு பாரு தேர்தலின்போது தோட்டப் பாட்டாளிகளின் வீட்டுப் பிரச்சினையைப் பற்றி இத்தனை தலைவர்கள் பேசியதற்குக் காரணம் இந்த ஏழாயிரம்தான். அந்த நேரத்தில் நம்மவர்களிடையே தேர்தலைப் புறக்கணித்துக் கோபத்தைக் காட்டலாம் என்ற பேச்சும் எழுந்தது. கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்காகக் காத்திருப்பவர்களிடம் பொறுமையைப் போதிக்க நாம் வரவில்லை. ஆனால் புறக்கணிப்பு எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்று பாருங்கள். கோபத்தால் வராதவரும், காய்ச்சலால் வராதவரும், தூங்கிப்போனவரும் ஒரே எண்ணாகத்தான் தெரிவார்கள். 'வரவில்லை' என்ற அந்த எண்ணில் எது கோபம் என்று யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எதிராளிக்குப் போட்ட வாக்கு இரண்டு வாக்குக்குச் சமம்: ஒருவருக்குக் குறைகிறது, மற்றவருக்குக் கூடுகிறது. வராத வாக்கில் பாதிதான் நடக்கிறது.

தோட்டத்து மக்களின் வருகை குறைவதற்கு, கோபத்தையும் சலிப்பையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். முகவரிதான் அது. தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் பெயர்ந்தன. லயம் இடிந்து போயிற்று. அடையாளக் கார்டில் மட்டும் லயத்தின் முகவரி இன்னும் இருக்கிறது. பெயர் தானாகப் பட்டியலில் ஏறும்போது அந்தப் பழைய முகவரியின்படிதான் ஏறுகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், தான் பிறந்து ஒரு வயதில் விட்டு வந்த தோட்டத்தில் வாக்குரிமை வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. பேருந்துக் கட்டணம் கொடுத்து, ஒரு நாள் சம்பளத்தை விட்டு, அங்கே போய் வாக்களிப்பார்களா? சிலர் போகிறார்கள். பலர் போவதில்லை. இப்படிப் பழைய தொகுதியில் ஒரு வாக்கு காணாமல் போகிறது. இப்போது குடியிருக்கும் தொகுதியிலோ அவர்களுக்கு வாக்கே இல்லை. இங்குள்ள சட்டமன்ற உறுப்பினரிடம் வடிகால் அடைத்துக்கொண்டது என்று சொல்லப் போனால், உங்கள் பெயர் என் பட்டியலில் இல்லையே என்று அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனத்தில் நினைப்பார்.

இதைச் சரிசெய்ய இரண்டு படிகள் உண்டு. முதலில் தேசியப் பதிவு இலாகாவில் அடையாளக் கார்டின் முகவரியை இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு மாற்ற வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர்கள், தொகுதி மாற்றம் வேண்டும் என்று தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கார்டை மாற்றிவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டுத் தேர்தல் நாளில் வந்து ஏமாந்து திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினாலும் பயன் இல்லை. பட்டியல் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். பெயர் எந்த மையத்தில், எந்த வரிசையில் இருக்கிறது என்பதை ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளை ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். அப்பா, அம்மா, பாட்டி எல்லாருடைய எண்ணையும் ஒரே உட்காரலில் பார்த்துவிடுங்கள்.

தேர்தல் நாளில் வேலை இருந்தால் என்ன செய்வது என்று தாய்மார்கள் சிலர் கேட்கிறார்கள். 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வாக்களித்துவிட்டு வருவதற்கு நியாயமான நேரத்தைத் தொழிலாளிக்கு முதலாளி கொடுத்தாக வேண்டும் என்கிறது. அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. இது பால்வெட்டுக்கும் பொருந்தும், செம்பனைக் குலை வெட்டுக்கும் பொருந்தும், தோட்டத்தை விட்டுப் போய்த் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தும். முதல் நாளே மண்டோரிடமோ மேற்பார்வையாளரிடமோ எத்தனை மணிக்குப் போய் வரப் போகிறோம் என்று சொல்லி வைத்துவிடுங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து சொன்னால் இன்னும் எளிது. வேன் ஏற்பாட்டையும் அந்தப் பத்துப் பேரே பேசிக்கொள்ளலாம்.